வத்தல் மூட்டை ஊரிலேயே பொடியாக வேண்டுமானால்: பி.எம்.இ.ஜி.பி. கடனுக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மாசி, பங்குனியில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரக் களங்களில் காய்ந்த வத்தல் மூட்டை மூட்டையாக லாரி ஏறி வெளியூருக்குப் போவதும், பொடியாகிப் பொட்டலத்தில் அடைபட்டு அதே ஊர்ப் பெட்டிக்கடைக்குத் திரும்பி வருவதும் நிற்கவில்லை. அரைக்கும் வேலையும் பொட்டலம் போடும் வேலையும் ஊரிலேயே நடந்தால் பத்துக் குடும்பங்களுக்குச் சம்பளம் கிடைக்கும் என்பதை யாரும் வெளியிலிருந்து வந்து அந்த மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த யோசனையோடு பி.எம்.இ.ஜி.பி. என்ற மானியக் கடன் திட்டத்தைக் கேட்டு மாவட்டத் தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் மாறி மாறி நடந்து, பேருந்துக் கட்டணத்தை இழந்ததுதான் மிச்சம் என்று திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குத் தகுதி இருந்தது. விதியை முன்கூட்டிச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்ற பி.எம்.இ.ஜி.பி. 2008-இல் தொடங்கியது. 2022-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலும் திட்ட மதிப்பு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதமும் கிராமப்புறத்தில் 25 சதவீதமும் மானியம் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோர் அடங்கிய சிறப்புப் பிரிவினருக்கு அது முறையே 25, 35 சதவீதம். பொதுப் பிரிவினர் 10 சதவீதமும் சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் கையிலிருந்து போட வேண்டும். மீதி வங்கிக் கடன். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், வருமான உச்சவரம்பு கிடையாது. திட்டத்துக்கான ஒப்புதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வழங்கப்பட்டது என்பதாலும், நிதியாண்டு மாறும்போது இலக்கும் விதியும் மாறக்கூடும் என்பதாலும், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விதி எது என்று தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்தின் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டுமே. பலரைக் கவிழ்ப்பது இந்த ஒற்றை வரிதான். பரமக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் அக்கா, கடன் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அரவை இயந்திரத்தை முதலில் வாங்கிப் போட்டார். பிறகு விண்ணப்பித்தார். பார்வையிட வந்த வங்கி அலுவலர் இயந்திரத்தின் மேல் படிந்திருந்த சிவப்புத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார், ரசீதில் இருந்த தேதியைப் பார்த்தார், "இது ஏற்கெனவே ஓடுகிற தொழிலம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன் அந்த அக்கா மூன்று முறை அலுவலகத்துக்குப் போயிருந்தார், ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஆகவே கடன் ஒப்புதல் கடிதம் கையில் வரும்வரை இயந்திரம் வாங்காதீர்கள், முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். விலைப்புள்ளி (கொட்டேஷன்) மட்டும் வாங்கி வையுங்கள். வேறு ஏதாவது அரசுத் திட்டத்தில் மானியம் பெற்றுவிட்ட தொழிலுக்கும் இதில் இடமில்லை.

அடுத்த சிக்கல் குடும்பம் என்ற சொல். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பது விதி. ஆனால் இங்கே குடும்பம் என்றால் விண்ணப்பதாரரும் அவருடைய கணவர் அல்லது மனைவியும் மட்டுமே. அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார், ஒரே ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறது என்று காரணம் காட்டித் தங்கையைத் திருப்பி அனுப்புவது விதியில் இல்லாத வேலை. படிப்பும் இப்படித்தான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயமாவது உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்களுக்குத்தான். ஐந்தாவதோடு நின்றவர் 9 லட்சத்தில் மிளகாய்ப் பொடித் தொழில் தொடங்கத் தடையில்லை. ஆனால் அதே தொழிலைக் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் மில் என்று எழுதினால் சேவைக் கணக்கில் போய்விட வாய்ப்புண்டு. வத்தல் வாங்கிப் பொடியாக்கிப் பொட்டலமிட்டு விற்பதுதான் திட்டமென்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டத்தினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவ்விரண்டும் பின்தங்கியவை என்று ஒன்றிய அரசு அடையாளம் கண்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் உள்ளவை. அந்த மாவட்டங்களில் தொழில் தொடங்குவோர் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். பொது என்று குறித்துவிட்டு வரும் ஆண்களுக்கு இதை எடுத்துச் சொல்லும் அலுவலரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இடத்தைப் பொறுத்தும் மானியம் பத்துச் சதவீதம் மாறும். ஊராட்சி எல்லைக்குள் இருப்பது கிராமப்புறம், நகராட்சி எல்லைக்குள் இருப்பது நகர்ப்புறம். கமுதி, முதுகுளத்தூர் போன்ற பேரூராட்சிகளில் தொழில் தொடங்க நினைப்பவர்கள் தங்கள் இடம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

திட்ட அறிக்கையைத் தரகரிடம் விடாதீர்கள். விண்ணப்பம் இணையத்தில் இலவசம். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தளத்தில் மாதிரித் திட்ட அறிக்கைகளும் கிடைக்கின்றன. மானியத்தில் ஒரு பங்கு பேசிக்கொண்டு தரகர் தட்டித் தரும் அறிக்கையில் உங்கள் ஊரே இருக்காது. ஒரு முறை மிளகாய்ப் பொடி அறிக்கையின் நடுப்பக்கத்தில் காகிதத் தட்டு செய்யும் அச்சின் விலை இருந்ததைப் பார்த்தேன். எதையோ பார்த்து எழுதியவர் மாற்ற மறந்துவிட்டார். இதைவிடப் பெரிய தவறு, பணம் முழுவதையும் இயந்திரத்திலும் கொட்டகையிலும் போட்டு எழுதுவது. முண்டு வத்தல் வரத்து வருடத்தில் சில மாதங்கள்தான். விலை தணிந்திருக்கும்போது வாங்கி இருப்பு வைக்கப் பணம் இல்லையென்றால் ஆவணியில் இயந்திரம் சும்மா நிற்கும், தவணை நிற்காது. ஆகவே நடைமுறை மூலதனத்தைத் தனியாகக் காட்டிக் கேளுங்கள். கேட்டு வாங்கியதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அதற்கேற்ற மானியத்தைத் திரும்பக் கேட்பார்கள் என்பதால் கூட்டியும் எழுத வேண்டாம். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. மும்முனை மின் இணைப்பு தாமதமாகும் என்று எடுத்துக்கொண்டே, தவணை தொடங்கும் முன் சில மாத விடுப்புக் காலம் வேண்டும் என்று வங்கியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கணக்கு தொடங்கிய பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

இனி வங்கி. தொழில் மையம் பரிந்துரைத்துவிட்டாலே கடன் கிடைத்துவிட்டதாகப் பலர் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், முடிவெடுப்பது வங்கிதான். போகும் முன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். மைக்ரோ பைனான்ஸ் தவணை, மறந்துபோன இருசக்கர வாகனக் கடன், உறவினருக்குப் போட்ட ஜாமீன் ஆகியவை அங்கேதான் தலைகாட்டும். "உங்கள் ஊர் எங்கள் கிளை எல்லையில் இல்லை" என்று சொன்னால் எந்தக் கிளை எல்லையில் இருக்கிறது என்று, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் கேளுங்கள். பட்டாவைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் தயங்காமல் மறுக்கலாம்: குறு, சிறு தொழில்களுக்கான 20 லட்சம் வரையிலான கடனுக்கு (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வாயால் சொல்லும் மறுப்புக்கு மதிப்பில்லை. நிராகரித்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னவுடன் காரணமே மாறிப்போவதை நீங்கள் நேரில் பார்ப்பீர்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மனுவும் வீண்போவதில்லை, அதன் நகலைப் பத்திரமாக வைத்திருந்தால்.

மானியம் உங்கள் கைக்கு வராது என்பதை இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாகப் பூட்டப்படும். தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும். இடையில் தொழிலை மூடினால் அந்தப் பணம் உங்களுடையது ஆகாது. பார்வையிட வருபவர் கேட்பது பெயர்ப்பலகை, இயந்திரம், கணக்கு. வரும் நாளில் பூட்டிக்கிடந்தால் விளக்கம் சொல்லிப் பயனில்லை.

அந்த வைப்புக்கு வட்டி தரமாட்டார்கள். அதே அளவு கடனுக்கு உங்களிடம் வட்டி வாங்கவும் கூடாது. கிராமத்துப் பெண் ஒருவர் 10 லட்சம் ரூபாய்த் திட்டத்துக்கு 50,000 ரூபாய் கையிலிருந்து போட்டு, 9.5 லட்சம் கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 3.5 லட்சம் வைப்பில் சேர்ந்த நாள் முதல் அவர் 6 லட்சத்துக்கு மட்டுமே வட்டி கட்ட வேண்டும். ஆனால் முழுத் தொகைக்கும் வட்டி போட்ட கணக்கு அறிக்கைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டால் மென்பொருள் அப்படிக் கணக்கிடுகிறது என்று பதில் வரும். கேட்டவருக்குத் திருத்திக் கொடுத்தார்கள், கேட்காதவர் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு அறிக்கை வாங்கி, எந்தத் தொகைக்கு வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் பெருக்கிப் பாருங்கள்.

தனி ஆளாக வேண்டாம், குழுவாகவே தொடங்குகிறோம் என்பவர்கள் உணவுப் பொருள் தயாரிப்பென்றால் குறு உணவுத் தொழில்களுக்கான ஒன்றிய அரசின் பி.எம்.எப்.எம்.இ. திட்டம் நடப்பில் இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம்; 2025-26 வரையிலான அதன் விதிகளில் 35 சதவீத மானியத்தோடு, சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் இருந்தது. எந்தத் திட்டத்தில் போவது என்பதை முதல் விண்ணப்பத்துக்கு முன்பே குழுவில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். அதில் மானியம் வாங்கிவிட்டு அதே தொழிலுக்குப் பி.எம்.இ.ஜி.பி. வாசலில் போய் நின்றால், அந்த அக்காவிடம் சொன்ன பதிலைத்தான் உங்களிடமும் சொல்வார்கள்.