கெண்டைக்கால் இழுத்தால் உடனே கால்சியம் மாத்திரையா?

"ராத்திரியானால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது டாக்டர்" என்று வருபவர்கள் பலரின் பையில் ஏற்கெனவே ஒரு கால்சியம் அட்டை இருக்கிறது. யார் எழுதிக் கொடுத்தது? "தெரிஞ்சவங்க சொன்னாங்க." வலி நின்றதா? "இல்லை, அதான் இப்ப ரெண்டாப் போடுறேன்."

மூன்றாகப் போட்டாலும் நிற்காது. ரத்தத்தில் கால்சியம் நிஜமாகவே குறைந்தால், அது நடுராத்திரியில் ஒற்றைக் கெண்டைக்காலைத் தேடிப் பிடிப்பதோடு நிற்காது. வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு வரும், கைவிரல்கள் கூம்பி இறுகும். தைராய்டு அறுவைக்குப் பிறகு சிலரிடம் இதைப் பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், ஊகம் வேண்டாம். தேவையில்லாமல் கால்சியத்தை விழுங்கினால் மலச்சிக்கலும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும்தான் மிச்சம். மெக்னீசியம் மாத்திரையும் பெரிதாக உதவாது. வயதானவர்களின் இரவுநேரப் பிடிப்பில் அதை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கர்ப்பிணிகளிடம் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. சிறுநீரகம் பழுதானவர்கள் தாமாக மெக்னீசியம் போடவே கூடாது, உடலில் தேங்கும்.

மலேரியா மருந்தான குயினைனுக்குப் பிடிப்பு ஓரளவு கேட்கும். ஆனால் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், இதயத்துடிப்பைக் குலைக்கும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கால் பிடிப்புக்கு அதைத் தரக்கூடாது என்று பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

பெரும்பாலான இரவுநேரப் பிடிப்புக்குத் தனிக் காரணம் எதுவும் அகப்படாது. வயது, கர்ப்பத்தின் கடைசி மாதங்கள், நாள் முழுக்க நின்ற கால் ஆகியவை வழக்கமான பின்னணி. வெயிலில் வியர்த்து உழைத்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பவர்களுக்கு உப்பும் சேர்த்துத் தேவை. அடுத்து, நீங்கள் போடும் மருந்துகளைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை, கொழுப்புக்கான ஸ்டாட்டின், ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்மெட்டரால், எல்லாமே பிடிப்பைக் கிளப்பக்கூடியவை. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

பிடித்த அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். முழங்காலை நீட்டி, கால்விரல்களைப் பிடித்து முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். கை எட்டாவிட்டால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். வலியில் பாதத்தைக் கீழே நீட்டி உதறுவது பிடிப்பை இன்னும் இறுக்கும். விட்ட பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மறுநாள் வரை கன்றிய வலி இருக்கும், பயப்பட வேண்டாம்.

வராமல் தடுக்க, படுக்கும் முன் சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி நின்று கைகளை ஊன்றிச் சாயுங்கள். குதிகால் தரையை விட்டு எழவே கூடாது. எழுந்தால் தசை நீளாது, செய்ததும் வீண். 10 முதல் 30 விநாடி, மூன்று தடவை. ஒரு வாரத்தில் சலித்து விட்டுவிடாதீர்கள், ஆறு வாரமாவது தொடர்ந்து செய்யுங்கள். பாதத்தைக் கீழ்நோக்கி அமுக்கும் இறுக்கமான போர்வையையும் தளர்த்துங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்: ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி மணிக்கணக்கில் விடாமல் இருந்தால் தைலம் தேய்த்து அமுக்காதீர்கள். அது ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில், உறைந்த ரத்தக்கட்டியாக இருக்கலாம். நகர்ந்தால் நுரையீரலை அடைக்கும். அறுவை, பிரசவம், நெடும்பயணம், நீண்ட நாள் படுக்கை, இவற்றுக்குப் பிறகு என்றால் சந்தேகம் இன்னும் கூடும். அன்றைக்கே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் விடுகிறது என்றால் அது தமனி அடைப்பாக இருக்கலாம். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதைத் தள்ளிப்போடவே கூடாது.