வயிற்றை விடுங்கள், வாயைக் காட்டுங்கள்

மூக்கு வரைக்கும் மஃப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒரு அக்கா என் பல் கிளினிக்குக்குள் வந்தார். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். ஜனவரி மாதம், வெளியே உறைபனி. குளிருக்குத்தான் கட்டியிருக்கிறார் என்று நானும் நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்த பிறகும் அவிழ்க்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "வாயில வாடை வருதுங்க டாக்டர். வயித்துல புண்ணுன்னு மாத்திரை சாப்பிடறேன். மூணு வருசமாச்சு, நிக்க மாட்டேங்குது."

மூன்று வருடம்! நடுவில் கூலியை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போய், வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் பார்த்தாயிற்று. வயிற்றில் ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் ரிப்போர்ட். பார்த்த டாக்டர்கள் அத்தனை பேரில் ஒருவர்கூட ஈறைப் பார்க்கவில்லை. குழாயே அந்த ஈறைத் தாண்டித்தானே உள்ளே போனது? இதே கதையோடு இந்த மாதம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிறு கெட்டால் வாய் நாறும் என்பது நம் ஊரில் யாரும் சந்தேகப்படாத வேதவாக்கு. பாட்டி சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், சில சமயம் மருத்துவர்களே சொல்கிறார்கள். உணவுக்குழாய் என்ன, டீ ஃபேக்டரி புகைபோக்கியா, நாள் முழுக்கத் திறந்து கிடக்க? விழுங்கும்போது திறக்கும், ஏப்பம் வந்தால் திறக்கும், மற்ற நேரமெல்லாம் சுருங்கி மூடியிருக்கும். மேல் முனையில் ஒரு பூட்டு, கீழ் முனையில் ஒரு பூட்டு. ஏப்பம் விடும் நொடியில் வாடை வரலாம். சாப்பிட்டது தொண்டைவரை எதுக்களித்து வருகிற சிலருக்கும் கொஞ்சம் இருக்கலாம். அவ்வளவுதான். பத்துப் பேர் வாய் நாற்றம் என்று வந்தால் எட்டு ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கும்.

"பூண்டு சாப்பிட்டா நாறுதே, அது வயித்துலேருந்து தானே?" என்று உடனே கேட்பார்கள். அதுவும் இல்லை. பூண்டிலுள்ள கந்தகப் பொருள் ஒன்று ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. அதனால்தான் இரண்டு தடவை பல் தேய்த்தாலும் மறுநாள்வரைகூடப் போகாமல் நிற்கிறது. மலைப்பூண்டு ரசம் குடித்தால் ஒரு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு என்னிடம் வராதீர்கள்.

சரி, அக்காவின் வாய்க்கு வருவோம். கீழ்ப்பற்களின் உள்பக்கம் முழுக்கக் காரை, கட்டடத்துக் காரை மாதிரியே இறுகிப்போயிருந்தது. கடைவாய் ஈறைத் தொட்டதும் ரத்தம். நாக்கின் பின்பாதியில் வெள்ளையாகப் படலம். அங்கே குடியிருக்கும் கிருமிகள்தான் வாடையைக் கிளப்புகின்றன. "க்ளீன் பண்ணினா பல்லு ஆடிருமாமே?" என்றார். காரையும் ஈறு நோயும்தான் பல்லை ஆட்டுகின்றன. காரையை எடுத்தபின் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, பழி எங்கள் மேல் விழுகிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குளிரில் தாகமே எடுக்காது. தோட்டத்துப் பெண்கள் தாகம் எடுத்தாலும் குடிப்பதில்லை, ஏனென்றால் காட்டில் ஒதுங்க இடமில்லை. இதற்கு நான் மருந்து எழுத முடியாது, நிர்வாகம்தான் கழிப்பறை கட்ட வேண்டும். எச்சில் வற்றினால் வாய் நாறும். மூக்கடைத்து வாயைத் திறந்து தூங்கினாலும், சளி மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், மன அழுத்த மாத்திரைகள் எடுத்தாலும் இதே கதைதான். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

நீலகிரித் தைலத்தைத் தண்ணீரில் விட்டு வாய் கொப்பளிப்பவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நிறுத்துங்கள். அது மேலே தடவ. விழுங்கினால் விஷம். குழந்தைக்குச் சிறிதளவு போனாலும் வலிப்பு வரலாம்.

ராத்திரி பல் தேய்க்காமல் படுக்காதீர்கள். காலையில் மட்டும் தேய்ப்பது சமைத்த பாத்திரத்தை மறுநாள் கழுவுவது மாதிரி. இரண்டு நிமிடம் தேயுங்கள், ஈறு ஓரத்தை விடாமல். நாக்கைப் பின்பக்கத்திலிருந்து வழியுங்கள், ரத்தம் வரும்வரை வேண்டாம். பல்லிடுக்கை நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அந்த நூலை முகர்ந்து பார்த்தால் பாதிப் பேருக்கு என் கட்டுரையே தேவைப்படாது. பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தில் கொப்பளிப்பது இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், பல்லில் கறை ஏறும். அதுவும் ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கும் நம் ஊரில் பல் இன்னும் சீக்கிரம் பழுப்பேறும். புகையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

எங்களிடம் வரும் அன்றைக்கு மட்டும் ஏலக்காய் மென்றுகொண்டு வராதீர்கள். மாஸ்க்குக்குள் எங்கள் மூக்கு பழகிவிட்டது, கூச்சம் வேண்டாம்.

வாய் சுத்தமாக இருந்தும் வாடை போகவில்லை என்றால் அப்போது மற்றதைத் தேடலாம். தொண்டைச் சதையில் சேரும் டான்சில் கற்கள், சைனஸ், சிறுநீரகம், கல்லீரல். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழுத்த பழ வாடை வந்து வாந்தியும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றம் அடித்தால் உள்ளே பட்டாணி எதையாவது திணித்திருக்கும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அக்காவுக்கு ஒரு பக்கம் காரை எடுத்து முடித்திருக்கிறேன், மறு பக்கம் அடுத்த வாரம். போகும்போது, "அந்த வயித்து மாத்திரைய நிறுத்திறட்டுங்களா?" என்றார். அதை எழுதிக்கொடுத்தவரையே கேட்கச் சொல்லி, ஈறின் நிலைமையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.