பச்சையாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்: பைன் போன்சாயும் குளிர்காலமும்

வசந்தம் தொடங்கும்போது என்னிடம் வரும் பைன் போன்சாய்களில், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் பைன் மரங்களில் சில, பார்த்தவுடனே மனதைக் கலக்கிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊசியிலைகள் பச்சையாகத்தான் இருக்கும், கொஞ்சம் பளபளப்பு குறைந்திருக்கும், அவ்வளவுதான். "குளிர்காலம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது, இந்த இரண்டு வாரமாகத்தான் ஒரு மாதிரி இருக்கிறது" என்பார் கொண்டுவந்தவர். நான் கிளை நுனியில் இருக்கும் மொட்டை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். உயிருள்ள மொட்டு கெட்டியாக இருக்கும். இந்த மரத்தின் மொட்டோ காய்ந்த உமி மாதிரி நொறுங்கும். அப்புறம் நாலைந்து கிளைகளில் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பேன். ஈரப் பச்சை தெரிய வேண்டிய இடத்திலெல்லாம் பழுப்பு. அந்த மரம் நடுக்குளிரிலேயே செத்திருக்கும். அதை வளர்த்தவர் நேற்றுவரை தண்ணீர் ஊற்றியிருப்பார். அவரிடம் இதைச் சொல்வதுதான் என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

பைன் தன் துன்பத்தைத் தாமதமாகத்தான் காட்டும். அகன்ற இலை மரத்துக்கு வேர் கெட்டால் சில நாளிலேயே இலை தொங்கிவிடும். பைனின் ஊசியிலை அப்படியில்லை. மேலே தடித்த மெழுகுப் பூச்சு, உள்ளடங்கிய சுவாசத் துளைகள். உள்ளிருக்கும் ஈரத்தை அது எளிதில் விடாது. அதனால் வேர் செத்துப் பல வாரங்கள் கழித்தும், குளிர் இருக்கும்வரை, இலை பச்சையாகவே நிற்கும். எனவே குளிர்காலத்தில் இலையின் நிறத்தை நம்ப வேண்டாம். நம் கவனம் தொட்டிக்குள் இருக்கும் வேரின்மேல் இருக்க வேண்டும்.

முதல் தவறு பாசத்தில் நடப்பது. வெளியே உறைகிறதே, பாவம் என்று மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பகல் குறைந்து, வெப்பம் மெல்ல இறங்க இறங்க, பைன் தன்னைக் குளிருக்குத் தயார்செய்துகொள்கிறது. செல்களில் சர்க்கரை கூடுகிறது, வளர்ச்சி நின்று மரம் உறக்கநிலைக்குப் போகிறது. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். ஆனால் கதகதப்பான அறையில் சில நாள் இருந்தாலே அந்தத் தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கிவிடும். அறையில் வெளிச்சமும் போதாது, காற்றும் வறண்டது. சேமித்து வைத்த உணவைச் செலவழித்துக்கொண்டு மரம் மெலியும். இரவில் உள்ளே, பகலில் வெளியே என்று தினமும் தூக்கி வைப்பது இன்னும் கெடுதல். விருந்தினர் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள், குளிர்ச்சியான அறையில், அதற்குமேல் வேண்டாம்.

"அப்படியானால் குளிரால் ஆபத்தே இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு, ஆனால் கிளைக்கு அல்ல, வேருக்கு. ஸ்காட்ஸ் பைன் காட்டில் மைனஸ் 40 டிகிரியையும் தாங்கி நிற்கும் மரம். ஆனால் அந்தக் குளிர் அதன் கிளைக்குத்தான். வேரைப் பூமி போர்த்தி வைத்திருக்கிறது. கிளையின் தாங்கும் சக்தி வேருக்கு எப்போதும் கிடையாது. போன்சாய் தொட்டியில் மண்ணின் ஆழம் சில விரற்கடைதான். மேசைமேல் வைத்த தொட்டிக்கு நான்கு பக்கமும் அடியிலும் காற்று. ஒரே இரவில் மண்ணும் காற்றும் ஒரே குளிருக்கு வந்துவிடும்.

ஆகவே கடுங்குளிர் வருமுன் தொட்டியை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். பூமியின் சூடு அடியிலிருந்து கிடைக்கும். தொட்டியைச் சுற்றியும் விளிம்புக்கு மேலும் மரப்பட்டைத் துகளோ உலர்ந்த சருகோ போட்டு மூடாக்கு அமையுங்கள். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஈரச் சருகைக் குவிக்காதீர்கள். அந்தக் கதகதப்பைத் தேடி எலிகளும் வரும், பசிக்குப் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். ஒரு கம்பிவலை போட்டால் நிம்மதி. காற்று நேராக அடிக்காத சுவரோரம் நல்ல இடம். ஜப்பானிய பிளாக் பைன் கடலோர மரம், மற்றவற்றைவிடக் குளிருக்குக் கொஞ்சம் நோஞ்சான். இரவு மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் அதைச் சூடேற்றாத கொட்டகைக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். ஜப்பானிய ஒயிட் பைன், முகோ பைன், ஸ்காட்ஸ் பைன் மூன்றையும் மைனஸ் 10 வரை மூடாக்கோடு வெளியிலேயே விடுகிறேன். கொட்டகையானால் ஜன்னல் வேண்டும். உறையாத நாட்களில் பைன் குளிர்காலத்திலும் கொஞ்சம் உணவு தயாரிக்கும், மாதக்கணக்கில் இருட்டில் அடைத்து வைப்பது சரியல்ல.

இப்போது தண்ணீர். என் அனுபவத்தில் குளிரால் போகும் மரங்களைவிடக் குளிர்காலத் தாகத்தால் போகும் மரங்களே அதிகம். மண் உறைந்துவிட்டால் அதில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. அதே நாளில் வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்தால் ஊசியிலையிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும். காற்று வீசும் பக்கத்தில் மட்டும் இலை நுனிகள் பழுப்பாவது இதனால்தான்.

உறைபனி வருகிறது என்றால் முந்தின நாள் காலையிலேயே நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வடியவிடுங்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். அதனால் ஈரமண் மெதுவாகத்தான் குளிரும், காய்ந்த மண்ணில் குளிர் விறுவிறுவென்று இறங்கிவிடும். உறைந்து கட்டியான மண்ணின்மேல் ஊற்றாதீர்கள், வெந்நீர் ஊற்றி இளக்கவே கூடாது. இளகிய நாளில் பாருங்கள். நான் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மூங்கில் குச்சியைச் செருகியே வைத்திருக்கிறேன். அதை உருவிக் கன்னத்தில் வைத்தால் ஈரம் சில்லென்று படும். படவில்லையென்றால் ஊற்ற வேண்டியதுதான். மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது குளிர்காலத்தில் ஏமாற்றும்.

கூரையின் இறவாரத்துக்குக் கீழே வைத்த மரங்களைத் தனியாக நினைவில் வையுங்கள். பாதுகாப்பான இடம் என்று வைத்துவிட்டு, வெளியே மழையும் பனியுமாக இருப்பதைப் பார்த்து, மரத்துக்கும் கிடைக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். அங்கே ஒரு துளி விழுந்திருக்காது. இப்படிக் காய்ந்து போன மரங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இதற்கு நேரெதிர், விடாத மழையில் ஊறிக் கிடக்கும் தொட்டி. அதற்கு ஒரு பக்கம் மரக்கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வைத்தால் அதிக நீர் வடிந்துவிடும்.

தொட்டியின்மேல் விழுந்து கிடக்கும் வெண்பனி நல்ல போர்வை, அப்படியே இருக்கட்டும். கிளைமேல் சேரும் ஈரமான, கனத்த பனிதான் கிளையை முறிக்கும். அதை அடியிலிருந்து கையால் மேல்நோக்கி மெல்லத் தட்டிவிடுங்கள். கிளையோடு சேர்ந்து உறைந்துவிட்டதென்றால் தொடாதீர்கள், தானாக உருகட்டும். உறைந்த கிளை கண்ணாடி மாதிரி ஒடியும்.

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். சரியாகச் சுடப்படாத தொட்டியும், வாய் உள்நோக்கிக் குறுகிய தொட்டியும் அதில் வெடித்துவிடலாம். போன்சாய்க்குப் பயன்படுத்தும் அக்கடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணையும் உறைந்து இளகி, உறைந்து இளகிப் பொடியாகி வடிகாலை அடைக்கும். எரிமலைக் கல் அதிகம் சேர்ந்த கலவை தாக்குப்பிடிக்கும்.

சிலர் தேவையில்லாமலும் பயப்படுகிறார்கள். இலையுதிர்காலத்தில் கிளையின் உட்பகுதியில் இருக்கும் பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். ஸ்காட்ஸும் முகோவும் குளிரில் லேசாக மஞ்சளிப்பதும் உண்டு, வசந்தத்தில் நிறம் திரும்பும். இந்த ஆண்டு வந்த இலைகள் நுனியிலிருந்து பழுப்பானால்தான் கவலை. உரத்தை இலையுதிர்காலம் முழுக்கக் கொடுத்து, கடுங்குளிர் தொடங்கியதும் நிறுத்துங்கள். குளிருக்குச் சற்றுமுன் தொட்டி மாற்றவோ, கிளையைப் பலமாக வளைத்துக் கம்பி கட்டவோ வேண்டாம். அறுந்த வேரும் கீறலுண்ட கிளையும் ஆற அப்போது நேரமில்லை.

குளிர் விட்டதும் மூடாக்கை ஒரேயடியாக எடுக்காமல் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். மொட்டுகள் மெழுகுவத்தி போல நீள ஆரம்பித்தபின் காலம் தப்பி ஓர் உறைபனி வந்தால், நடுக்குளிரில் தாங்கிய மரம் அதைத் தாங்காது. அன்று இரவு மட்டும் கொட்டகைக்குள் வைத்துக் காலையில் வெளியே எடுங்கள். நுனி கருகிய மரத்தைக் கண்டு பதறி உடனே உரம் போடுவதோ, தொட்டி மாற்றுவதோ, வெட்டுவதோ வேண்டாம். மொட்டு கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் விரலால் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வெயிலில் வைத்து, அளவாகத் தண்ணீர் விட்டுப் பொறுத்திருங்கள். எந்தக் கிளையில் மொட்டு நீள்கிறது, எதில் நீளவில்லை என்று தெளிவாகத் தெரிந்தபிறகுதான் நான் கத்தரியைக் கையில் எடுக்கிறேன்.