மாம்பலம் ஏரியும் பத்து நொடிப் பிழையும்

மேற்கு மாம்பலம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பக்கத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். நூறாண்டுக்கும் மேல் பழைய வரைபடம் ஒன்றை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தினேன். ஏரி மயிலாப்பூர்ப் பக்கம் போய் விழுகிறது. எது தவறு?"

ஏரி இருந்தது உண்மை. மாம்பலம் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் ஒன்றையொன்று தொட்டபடி, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாகக் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கத்தில் மிஞ்சியிருந்த ஏரி நிலத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் வந்தது. லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர்கள் மட்டும் ஈரமாக இருக்கின்றன. வாஸ்து பார்த்து வாசலைத் திருப்பி வைப்பவர்களில் எத்தனை பேர், மனை ஏரிக்குள் இருந்ததா என்று பழைய வரைபடத்தைப் பார்க்கிறார்கள்?

பொருத்தும் வேலை எளியதுதான். இடம் மாறாத புள்ளிகளைப் பிடிக்க வேண்டும்: தெப்பக்குளத்தின் மூலை, பழைய தேவாலயம், ரயில் பாதையும் சாலையும் வெட்டும் இடம். ஐந்தாறு கிடைத்தால் கணினி படத்தை இழுத்து உட்காரவைத்துவிடும். நம் வாசகர் அப்படிச் செய்யாமல், தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்த தீர்க்கரேகைகளை நம்பிவிட்டார். வினை அங்கேதான்.

அட்சரேகை சுலபம்; ஒரு விண்மீனின் உயரத்தை அளந்தால் போதும். தீர்க்கரேகை என்பதோ உண்மையில் நேர வித்தியாசம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிரீன்விச்சில் இப்போது மணி என்ன என்று தந்தி இல்லாத காலத்தில் சென்னையில் உட்கார்ந்து எப்படி அறிவது? அன்று கையாண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வியாழனின் நிலவுகள். ஒரு நிலவு வியாழனின் நிழலுக்குள் நுழைந்து மறையும் கணம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் அவரவர் ஊர்க் கடிகாரம் காட்டிய நேரத்தைக் குறித்துவைத்து, பிறகு ஒப்பிட வேண்டும். வானத்தில் தொங்கும் பொதுக் கடிகாரம்!

ஆனால் நிலவு விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று மறையாது, மெல்ல மங்கும். சிறிய தொலைநோக்கியில் பார்ப்பவருக்கு முன்பே மறைந்துவிடும், பெரியதில் பார்ப்பவருக்கு இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். நொடிகள் நழுவுவது இப்படித்தான்.

நில அளவைத் துறை சென்னை வானாய்வகத்துக்கு ஏற்றுக்கொண்ட தீர்க்கரேகை 80°17′21″, அதாவது 80 பாகை, 17 கலை, 21 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). பின்னாளில் தந்திக் கம்பி வழியே கடிகாரங்களை ஒப்பிட்டபோதுதான் அது 80°14′54″ என்று தெளிவானது. வித்தியாசம் 2′27″. நேரமாக மாற்றினால் 9.8 நொடி. சென்னையில் பூமி கிழக்கு நோக்கி நொடிக்குச் சுமார் 450 மீட்டர் ஓடுகிறது. பெருக்கினால் ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர். அவ்வளவும் கிழக்கே தள்ளிப்போன பிழை. மாம்பலம் ஏரி மயிலாப்பூருக்குப் போனதோடு நிற்கவில்லை. அதே கணக்கில் ஜார்ஜ் கோட்டை கடலில் மிதக்கும்.

அந்த வானாய்வகம் இருந்ததும் நுங்கம்பாக்கத்தில்தான். 1792 என்று பொறித்த கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. நாட்டின் தீர்க்கரேகைகளை அந்தப் புள்ளியோடு முடிச்சுப் போட்டிருந்ததால் எல்லா ஊர்களும் சேர்ந்தே நகர்ந்தன. ஊருக்கும் ஊருக்கும் நடுவிலான தொலைவு கெடவில்லை. நில அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே தொடங்கிய அளவை அவ்வளவு நேர்த்தி. இத்தகைய வரைபடத் தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து இலவசமாக வெளியிட ஆகும் செலவு, ஒரு வெள்ள நிவாரணத்தின் ஓரத்துக்குக்கூட வராது என்பது என் கட்சி.

வாசகர் தீர்க்கரேகைகளிலிருந்து 2′27″ கழித்துவிட்டு மறுபடி பொருத்தட்டும். ஏரி மேற்கே நகர்ந்து ரயில் பாதைப் பக்கம் வந்து சேரும். அதன் பிறகும் சில நூறு மீட்டர் பிசகினால், பூமியின் வடிவத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட கணக்கு வேறு என்பதே காரணம். அதைத் தெப்பக்குள மூலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.