பஞ்சுக் குச்சி காட்டும் அழுக்கு: பட்டறையில் கைக்கழுவலும் அல்ட்ராசானிக் தொட்டியும்

பெங்களூரு பீன்யாவில் ஹைட்ராலிக் வால்வு பாகங்கள் செய்யும் பட்டறைகளில் பல ஆண்டுகளாகத் தரப் பரிசோதனை செய்து வருகிறேன். "அல்ட்ராசானிக் மெஷின் வாங்கியாயிற்று, இனிக் கையால் கழுவும் வேலை இல்லை" என்று எந்த முதலாளியாவது சொல்லும்போது எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருக்கும். அல்ட்ராசானிக் மெஷின் என்பது காதுக்கு எட்டாத ஒலியதிர்வால் பாகங்களைக் கழுவும் தொட்டி.

கைக்கழுவலின் குறை எங்கே இருக்கிறது என்பதை ஒரு பஞ்சுக் குச்சி காட்டிவிடும். மண்ணெண்ணெயில் தேய்த்து, கம்ப்ரசர் காற்றடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துப் பளபளப்பாக மேசைக்கு வந்த வால்வின் குறுக்குத் துளைக்குள் அந்தக் குச்சியை விட்டுத் திருப்பினால், நுனியில் சாம்பல் நிறக் குழம்பும் இரும்புத் தூளும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு துளைகள் சந்திக்கும் மூலையில் தூரிகை வளைவதில்லை. காற்றோ தூளை இன்னும் உள்ளே தள்ளுகிறது. சில மைக்ரான் இடைவெளியில் ஓடும் ஸ்பூலை, அதாவது வால்வுக்குள் நகரும் உருளைத் தண்டைச் சிக்க வைக்க அந்தத் தூளே போதும். மண்ணெண்ணெயில் ஊறி வெடித்த விரல்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அல்ட்ராசானிக் தொட்டி பெரும்பாலும் 25 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் இயங்குகிறது. அந்த அதிர்வால் திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, உடையும் வேகத்தில் அழுக்கைப் பெயர்க்கின்றன. திரவம் நுழையும் இடத்துக்கெல்லாம் இந்த வேலையும் பெரும்பாலும் நுழையும் என்பதுதான் இதன் பெரும்பலம்.

ஆனால் ஒரு முனை மூடிய துளையின் வாய் கீழே இருக்கும்படி பாகத்தைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று தங்கி, அங்கே குமிழியே உருவாகாது. பாகங்களைத் தொட்டியின் அடித்தகட்டில் நேரடியாகக் கொட்டினால், சுத்தமும் ஆகாது, அடியில் ஒட்டியிருக்கும், அதிர்வை உண்டாக்கும் டிரான்ஸ்டியூசரும் பழுதாகும். கம்பிக் கூடையில் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். புதுக் கரைசலில் கரைந்திருக்கும் காற்று வெளியேறச் சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட வேண்டும். இரும்புக்கு ஏற்ற கடுமையான காரக் கரைசலில் அலுமினியத்தைப் போட்டால் அது கறுத்து அரிக்கப்படும். ஒருமுறை நான் பார்க்கப் போன ஒரு பட்டறையில், நன்றாகச் சுத்தமாகும் என்று நம்பித் தொட்டியில் தின்னர் ஊற்றியிருந்தார்கள். சூடாகும் தொட்டியும் மின்சாரமும் தின்னர் ஆவியும் ஒரே மூடிக்குள் இருந்ததைக் கண்டு, முதலில் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே பேசத் தொடங்கினேன்.

கைக்கு வேலை போய்விடவில்லை. தடித்த கிரீஸையும் இறுகிய கரியையும் முதலில் சுரண்டி எடுக்காவிட்டால், கரைசல் ஒரே நாளில் சேறாகிவிடும். தொட்டிக்குள் அடங்காத பெரிய வார்ப்புகளுக்கும் கைதான். தொட்டியிலிருந்து எடுத்த பின் அலசுவதற்கு இங்குள்ள போர்வெல் நீரையே பயன்படுத்தினால் வெள்ளைப் புள்ளிகள் படியும். உப்பு நீக்கிய நீரில் அலசி, உடனே உலர்த்தி, இரும்புப் பாகங்களுக்குத் துருத்தடுப்பு எண்ணெய் பூச வேண்டும்.

தொட்டியின் எல்லா இடத்திலும் அதிர்வு ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க, எங்கள் பட்டறையில் திங்கட்கிழமை தோறும் காலை, சமையலறை அலுமினியத் தாள் ஒன்றை ஒரு நிமிடம் தொட்டியில் தொங்கவிட்டு, தேதி எழுதிக் கோப்பில் வைக்கிறோம். தாள் முழுவதும் ஒரே சீராகப் பொத்தல் விழ வேண்டும். ஒரு வாரம் இடப்பக்க மூலையில் உள்ளங்கை அளவுக்குத் தாள் அப்படியே இருந்தது. அடியைத் திறந்து பார்த்தபோது, அந்த இடத்து டிரான்ஸ்டியூசர் ஒட்டு விட்டுக் கழன்றிருந்தது.