குழல் வேறு, குழாய் வேறு

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒருவர் ரைஃபிளோடு வந்தார். தாத்தா காலத்து .315 (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்). லீ என்ஃபீல்டு என்ற பழைய .303 ராணுவத் துப்பாக்கியின் அதே போல்ட் அமைப்பில் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்தான் போல்ட்) வங்காளத்து இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது. பழைய காபித் தோட்ட வீடுகளில் பீரோவுக்குப் பின்னால் நிற்குமே, அந்த ரகம். உரிமம் முறையாகப் புதுப்பித்திருந்தது. "பேரல் மாத்தியாச்சுங்க சார். சுட்டுப் பார்த்து குறி மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றார். குழலை யார் மாற்றியது என்று கேட்டேன். லேத் பட்டறையாம், சேலத்திலேயே. பத்து நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது முகத்தில் அத்தனை பெருமை.

போல்ட்டைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுழல் பள்ளமே இல்லை. வழவழவென்று ஒரு குழாய். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு அவருக்கு ஒரு டீ சொன்னேன், எனக்கும் ஒன்று.

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சேலத்தில் உரிமத்தோடு துப்பாக்கி பழுது பார்க்கிறேன். இப்படிப்பட்ட 'புது பேரல்' இரண்டு வருடத்தில் இது நான்காவது. மூன்றாவது ஆள் சுட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். வலது கைப் பெருவிரலில் தையல், கன்னத்தில் பித்தளைத் துணுக்கு. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. அந்த நிலையிலும் அவர் கேட்ட கேள்வி: "அடுத்த தடவை கொஞ்சம் கனமான பைப்பா போட்டா சரியாயிடுமுங்களா?"

நால்வரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "குழாய்தானுங்க சார், என்ன பெரிய விஷயம்?"

குழாய் இல்லை ஐயா. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு சொச்சம் காற்று அடிக்கிறோம். .303 தோட்டா வெடிக்கும்போது சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள், 40,000 பவுண்டுக்கு மேல். அதுவும் ஹைட்ராலிக் பம்ப் மாதிரி மெதுவாக ஏறுவதில்லை. கண் இமைப்பதற்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும், சம்மட்டி அடி மாதிரி. "ஜேசிபியில போடற பைப்புங்க, தாங்கும்" என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடம் வாதாடினார். ஜேசிபி பைப் எண்ணெயைத் தாங்கச் செய்தது. சம்மட்டி அடியை வாங்க அல்ல.

இன்னொருவர் 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்றார். நம் ஊர் உருக்காலையைப் பற்றி எனக்கும் பெருமைதான். ஆனால் அது பெயர் வாங்கியது தகட்டில். உங்கள் வீட்டு இட்லிப் பானைக்கு அது தங்கம். துப்பாக்கிக் குழலுக்கென்று தனி உலோகக் கலவை, தனிச் சூட்டுப் பதம் உண்டு. வெளியே பளபளப்பதைப் பார்த்து உள்பலத்தைச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும்தான்.

அப்புறம் அந்தக் கயிறு. "மரத்துல கட்டி, கயிறு போட்டு தூரத்திலிருந்து இழுத்துப் பார்த்துட்டோம் சார், ஒண்ணும் ஆகலை." இதைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813-லிருந்து குழல்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவைச் சுடுவார்கள். சுட்ட பிறகு அளந்து, விரிசல் தேடி, தேறினால்தான் முத்திரை குத்துவார்கள். நீங்கள் சுட்டது சாதாரண தோட்டா. குழல் ஒரு முறை தாங்கியது என்றால் ஒரு முறை தாங்கியது, அவ்வளவுதான். உள்ளே மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் கயிற்றுக்கு எப்படித் தெரியும்? பத்துத் தடவை தாங்கிவிட்டு, பதினோராவது தடவை உங்கள் கன்னம் பக்கத்தில் இருக்கும்போது அது பிளக்கலாம்.

இத்தனைக்கும் அந்த மூன்றாவது ஆளின் குழல் பிளக்கவே இல்லை. தோட்டாவின் பின்பக்கம் கிழிந்து, வாயு போல்ட் வழியாக முகத்துக்குத் திரும்பியது. போல்ட் முகத்துக்கும், தோட்டா விளிம்பு போய் உட்காரும் குழலின் பின்முகத்துக்கும் நடுவே உள்ள இடம் .303-இல் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 64-லிருந்து 74-க்குள் நிற்க வேண்டும். வித்தியாசம் மூன்று தலைமுடி கனம்! அதை அளக்கத் தனி அளவுக் கருவி, கேஜ், உண்டு. லேத்காரர் தோட்டாவை உள்ளே போட்டு, போல்ட் மூடியதும் "செட் ஆயிடுச்சு" என்றாராம்.

லேத் பட்டறைக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊர்ப் பசங்கள் கையில் வேலை இருக்கிறது. கரும்பு மிஷினா, விசைத்தறி ஷாஃப்டா, கொண்டுபோனால் அச்சு மாறாமல் செய்து தருவார்கள். தம்பிமாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இதை மட்டும் தொடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் முழுத் துப்பாக்கி மட்டுமல்ல, உதிரிப் பாகமும் அதில் அடக்கம். உரிமம் இல்லாமல் குழல் செய்தாலோ பழுது பார்த்தாலோ, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகலாம். வந்தவரிடம் துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்பது உங்களைக் காப்பாற்றாது. அது வைத்துக்கொள்ளத் தந்த உரிமம், செய்யத் தந்தது அல்ல.

வீட்டிலேயே குழல் மாற்றும் அமெரிக்க வீடியோவைக் காட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தனிக் குழலை மத்தியச் சட்டம் துப்பாக்கியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் நூறு வருடப் பழைய ராணுவ ரைஃபிளுக்கும் அங்கே புதுக் குழல் செய்து விற்கிறார்கள், வீட்டிலேயே மாற்றுகிறார்கள். அந்தச் சட்டம் வாழப்பாடி வரை நீளாது. ஒருவர் என்னிடம், சேலத்து லீ பஜார் சந்தையை வைத்து, "லீ பஜார்ல கிடைக்காத லீ என்ஃபீல்டு பேரலா சார்?" என்று ஜோக் அடித்தார். கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

சரி, எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது வேறொன்றுக்கு. என்னிடம் "பேரல் தேஞ்சு போச்சு" என்று வருவதில் பாதிக்குமேல் தேய்ந்ததே இல்லை. அழுக்கு. பள்ளத்தில் செம்புப் படிவு, அதன்மேல் காய்ந்த எண்ணெய், அதன்மேல் ஏற்காட்டுப் பனி ஈரம். இரண்டு நாள் பொறுமையாகச் சுத்தம் செய்தால் பள்ளம் எழுந்து நிற்கிறது. இரண்டே பள்ளம்தான் தெரிகிறது, மற்றவை அழிந்துவிட்டன என்று பயப்படுபவர்களும் உண்டு. ராணுவ லீ என்ஃபீல்டுக்கு வழக்கம் ஐந்து பள்ளம்தான். ஆனால் இரண்டாம் உலகப்போரில் வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று இரண்டே பள்ளத்தோடும் குழல் செய்தார்கள். அவையும் ஒழுங்காகத்தான் சுட்டன.

உண்மையாகவே கெட்டுப்போனவையும் உண்டு. பழைய ராணுவத் தோட்டாவின் கேப்பில், அதாவது பின்னால் அடிபட்டுப் பற்றும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது உப்பாகக் குழலில் படியும். உப்பு தண்ணீரில்தான் கரையும். மண்ணெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கரையாது. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்ட அன்றே புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, அதன் பிறகுதான் எண்ணெய் தொட்டார்கள். நம் தாத்தாக்கள் உப்பின்மேலேயே எண்ணெய் பூசி, தோலுறையில் போட்டு மாட்டினார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்ச வேலையைத் துரு பார்த்துக்கொண்டது. வாய்ப்பக்கம் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அது சுத்தம் செய்யும் கயிற்றைச் சாய்த்து இழுத்த தடம். குண்டு செய்த வேலை அல்ல.

ஆகவே முதலில் உரிமம் உள்ள ஆளிடம் காட்டுங்கள். குழல் தேறாது என்றால், உரிமம் பெற்ற டீலர் வழியாகச் செய்த தொழிற்சாலைக்கே எழுதிக் கேளுங்கள். அங்கும் வழியில்லை என்றால் அந்தத் துப்பாக்கி இனி சுடாது, ஒத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது .303 என்றால் குழல் பேச்சையே எடுக்காதீர்கள். அது 2016 ஆயுத விதிகளில் கட்டுப்படுத்தப்பட்ட வகை. யார் பெயரில், எந்த அனுமதியில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தாத்தா இறந்து அவர் பெயரிலேயே உரிமம் கிடந்தால், இன்றைக்கே காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் வாரிசு மனு போடுங்கள். இதைத் தள்ளிப்போடுபவர்களிடம் எனக்கு இரக்கமே வருவதில்லை.

ஏற்காட்டுக்காரர் டீயைக் குடித்து முடிக்கவில்லை. அவருடைய பழைய குழல் எங்கே என்று கேட்டேன். பட்டறையில் கிடக்கிறதாம். எனக்குத் தெரிந்த வக்கீலின் நம்பரைக் கொடுத்து, இரண்டு குழலையும் துப்பாக்கியையும் அவர் மூலமாகவே காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னேன். அன்று சாயந்திரம் பட்டறைக்காரரே போன் செய்தார். குரல் நடுங்கியது. "அண்ணா, இன்னொருத்தருக்கும் ஒண்ணு பாதி முடிச்சு லேத்துலயே நிக்குதுங்ணா. என்ன பண்றது?"

மெஷினை நிறுத்து, அட்வான்ஸைத் திருப்பிக் கொடு, நீயும் அதே வக்கீலைப் போய்ப் பார் என்றேன்.