ஒரே சராசரி, இரண்டு ரன்னிங் பேக்குகள்

அமெரிக்கக் கால்பந்தில், தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கி, எதிரணித் தடுப்பாளர்களுக்குள் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். அவர் எப்படி என்று கேட்டால் ரசிகர்கள் உடனே சொல்வது ஒரு சராசரியைத்தான்: ஓர் ஓட்டத்துக்கு எத்தனை கெஜம்? 4-க்கு மேல் என்றால் சரி, 5 என்றால் அபாரம்.

ஒருவர் பத்து முறை ஓடி எடுத்த கெஜங்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 1, 0, 2, -2, 1, 0, 2, -1, 2, 40. இன்னொருவர் எடுத்தவை: 4, 5, 4, 6, 3, 5, 4, 5, 4, 5. இருவருக்கும் மொத்தம் 45, சராசரி 4.5. ஆனால் இடைநிலை அளவை, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பதைப் பாருங்கள். முதல்வருக்கு 1, இரண்டாமவருக்கு 4.5.

ஆட்டத்தின் விதியே இந்த வித்தியாசத்துக்கு விலை வைக்கிறது. 10 கெஜம் முன்னேற ஓர் அணிக்கு 4 வாய்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’. நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், நடைமுறையில் கையில் இருப்பவை மூன்றுதான். அதனால்தான் ‘வெற்றி விகிதம்’ என்ற அளவுகோல் வந்தது. முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் மிச்சத்தில் 60 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம். இதை எட்டினால் அந்த ஓட்டம் வெற்றி. மூன்றாவது டவுனில் 2 கெஜம் தேவைப்படும்போது எடுத்த 3 வெற்றி. 10 தேவைப்படும்போது எடுத்த 9 தோல்வி. மேலே சொன்ன ஓட்டங்கள் எல்லாம் முதல் டவுனில், 10 கெஜம் தேவைப்பட்டபோது எடுத்தவை என்றால், முதல்வருக்கு பத்தில் 1 வெற்றி, இரண்டாமவருக்கு 9.

சிறந்த ரன்னிங் பேக் பேரி சாண்டர்ஸா, எமிட் ஸ்மித்தா என்ற பழைய வாக்குவாதத்தின் அடியில் கிடப்பதும் இதே கேள்விதான். டெட்ராய்ட் அணியின் சாண்டர்ஸ் பத்துப் பருவங்களில் 15,269 கெஜம், சராசரி 5.0. பெரும்பாலும் டாலஸ் அணிக்கு ஆடிய ஸ்மித் 18,355 கெஜம், சராசரி 4.2. வழி அடைபட்டால் சாண்டர்ஸ் பின்வாங்கி, பக்கவாட்டில் சுற்றி, வேறு சந்து தேடுவார். கிடைத்தால் 60 கெஜம், கிடைக்காவிட்டால் நஷ்டம். 1994 பருவத்தின் பிளேஆஃப் ஆட்டத்தில் கிரீன் பே அணி அவரை 13 ஓட்டங்களில் மைனஸ் 1 கெஜத்தில் முடக்கியது. முதல் டவுனில் 2 கெஜம் இழந்தால் அடுத்து 12 தேவை. பந்தை எறியும் பாஸ்தான் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். ஸ்மித், முன்வரிசையில் எதிரணியை மறித்து வழிவிடும் தன் லைன்மேன்களின் முதுகை ஒட்டியே ஓடி 3, 4 என்று சேர்த்தார். ஆனாலும் சாண்டர்ஸை நிலையற்றவர் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. 1997-இல் முதல் இரண்டு ஆட்டங்களில் மொத்தமே 53 கெஜம் எடுத்தவர், மிச்சம் 14 ஆட்டங்களிலும் ஒன்று விடாமல் 100-ஐத் தாண்டி 2,053-இல் பருவத்தை முடித்தார்.

ஒரு பருவத்துச் சராசரியை நம்பி முடிவெடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 250 ஓட்டங்களில் 1,050 கெஜம் என்றால் சராசரி 4.2. அதில் ஒரே ஒரு 80 கெஜ ஓட்டத்தை எடுத்துவிட்டால் 3.9 ஆகிவிடும். ஓட்டத்துக்கு ஓட்டம் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) சுமார் 6 கெஜம் என்பதால், 250 ஓட்டங்களுக்குப் பிறகும் சராசரியில் 0.4 அளவுக்கு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். 4.2 எடுத்தவரைவிட 4.5 எடுத்தவர் சிறந்தவர் என்று அந்த ஒரு பருவத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

வெற்றி விகிதத்துக்கும் குறை உண்டு: முன்வரிசை லைன்மேன்களின் உழைப்பும் ஓடுபவர் கணக்கிலேயே ஏறிவிடுகிறது. சேக்வான் பார்க்லி 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு 247 ஓட்டங்களில் 962 கெஜம் எடுத்தார், சராசரி 3.9. அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் 345 ஓட்டங்களில் 2,005, சராசரி 5.8. மனிதர் அதேதான். புதிய அணியில் முன்வரிசை பலமானது. குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும் ஓடக்கூடியவர் என்பதால், ஓரத்துத் தடுப்பாளர் யாரைப் பிடிப்பது என்று ஒரு கணம் தயங்கி நிற்க வேண்டியிருந்தது.

லைன்மேன்களின் பங்கையும் ஓடுபவரின் பங்கையும் பிரிக்கத்தான் இப்போது தோள்கவசத்துக்குள் சில்லுகள் வைக்கிறார்கள். அவை வீரர்களின் இருப்பிடத்தை நொடிக்கு 10 முறை பதிகின்றன. பந்து கைமாறும் கணத்தில் 22 பேரும் எங்கே, எந்த வேகத்தில், எந்தத் திசையில் இருந்தார்கள் என்பதைக் கொண்டு, சராசரி ஓட்டக்காரர் அங்கே எத்தனை கெஜம் எடுத்திருப்பார் என்று கணினி கணிக்கும். அதற்கு மேல் எடுத்ததே அவருடைய சொந்தச் சம்பாத்தியம். கணிப்பு 1 கெஜமாக இருந்த இடத்தில் 3 எடுத்தவர், 8 இருந்த இடத்தில் 7 எடுத்தவரைவிட நன்றாக ஓடியிருக்கிறார். இந்த எண்ணையும் வெற்றி விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்தது இரண்டு பருவங்களுக்குப் பார்ப்பது நல்லது.

இதிலும் அடங்காத வேலை ஒன்று உண்டு. மூன்றாவது டவுனில் 8 கெஜம் தேவை; பாஸ் ஆட்டம்; தடுப்பாளர் ஒருவர் இடைவெளியில் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறார். அவரை மறித்து நிறுத்த வேண்டியவர் ரன்னிங் பேக். அதைக் கோட்டைவிடுபவரைப் பயிற்சியாளர், சராசரி 5 இருந்தாலும், மூன்றாவது டவுனில் வெளியே உட்காரவைப்பார்.